குதிர் கட்டும் முயலும் அன்றாடங்காய்ச்சிக் குருவியும்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் நாலாவது மாடி எங்கள் வீடு. சமையலறைச் சன்னலைத் திறந்தால் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கிளை எதிரே நிற்கும். இரண்டு துடைப்பக்கட்டையை நீளவாக்கில் கட்டி நீட்டினால் தொட்டுவிடலாம். கிளையின் அடிப்பாதி பச்சையாக இருந்தது, நுனிப்பாதி பட்டுப்போயிருந்தது. அந்தப் பட்ட பாதியிலிருந்துதான் காலை ஏழு மணிக்குச் சத்தம் வரும். மரங்கொத்தி என்றதும் கோடாலி போடுகிற மாதிரி ஒரு சத்தம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இது அப்படி இல்லை. யாரோ கூச்சப்பட்டுக்கொண்டு விரல் நகத்தால் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். டிக்டிக். கொஞ்சம் நிறுத்தம். திரும்பவும் டிக்டிக்டிக். முதல் சில நாட்கள் பல்லி என்றுதான் நினைத்திருந்தேன்.

சுண்டா குட்டி மரங்கொத்தி என்று சொல்லலாம். மலாயில் பெலாதுக் பெலாச்சான். பெலாச்சான் என்றால் நம் சமையலறையில் சம்பாலுக்கு இடிக்கிற இறால் விழுது, அதே பெலாச்சான்தான். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 13 சென்டிமீட்டர். எடை 15 கிராம் அளவு, மூன்று ஐம்பது சென் காசைக் கையில் வைத்தால் வரும் கனம்கூடத் தேறாது. முதுகு பழுப்பு, அதில் வெள்ளை வரிகள். நெஞ்சு அழுக்கு வெள்ளை, அதில் பென்சிலால் இழுத்த மாதிரி கீற்றுகள். கன்னத்தில் ஒரு பழுப்புத் திட்டு. ஆணுக்கு மட்டும் கண்ணுக்குப் பின்னால் தலையோரமாக ஒரு சிவப்புக் கோடு உண்டு. தீக்குச்சி நுனியில் குங்குமம் தொட்டு வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். காற்றில் இறகு விலகும்போதுதான் தெரியும். அதைப் பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

இதன் அறிவியல் பெயரில் 'மொலுக்கென்சிஸ்' என்று ஒரு சொல் வரும். மலுக்குத் தீவைச் சேர்ந்தது என்று பொருள். 1788-இல் கிமெலின் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். ஆனால் மலுக்குத் தீவுகளில் இந்தப் பறவை கிடையாது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ இதெல்லாம்தான் அதன் ஊர். பார்க்காத ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு இருநூறு வருஷத்துக்கு மேலாக வாழ்கிறது. என் தாத்தாவின் பெயரையும் தோட்டத்துப் பதிவேட்டில் தப்பாகத்தான் எழுதினார்கள். கடைசிவரை அடையாள அட்டையில் அந்தத் தப்புப் பெயர்தான். அதனாலோ என்னவோ, இந்தச் சங்கதியைப் படித்த அன்று இந்தக் குருவி எனக்கு இன்னும் நெருங்கிவிட்டது.

சரி, இப்போது இன்னொருவர். அவரை நான் சந்தித்த இடம் இங்கிருந்து ரொம்ப தூரம்.

2019 அக்டோபரில் வேலையிடத்துத் தோழிகள் இரண்டு பேரோடு நேபாளத்தில் கோசைக்குண்டாவுக்குப் போனேன். ஆலகால விஷத்தை உண்ட சிவபெருமான் தொண்டை எரிச்சல் தீர சூலத்தால் மலையைக் குத்தி வரவழைத்த தண்ணீர் என்று அந்த ஏரியைச் சொல்கிறார்கள். 4,380 மீட்டர் உயரம். நம் பினாங்குக் கொடிமலை உச்சியே 833 மீட்டர்தான் என்று கணக்குப் போட்டால் புரியும். துன்சேயிலிருந்து நடை. மூன்றாம் நாள் லௌரிபினாவைத் தாண்டி, மூச்சு வாங்கி ஒரு பாறைக்குவியல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். தோழிகள் முன்னே போய்விட்டார்கள். வழிகாட்டித் தம்பி மட்டும் நின்றான்.

அப்போது ஒரு பாறையின் மேல் இன்னொரு சின்னப் பாறை நகர்ந்தது.

கைக்குள் அடங்குகிற உருண்டை. தலையும் தோளும் செம்பழுப்பு, உடம்பு சாம்பல். வட்டமான காது. வால் என்று ஒன்று வெளியே தெரியவே இல்லை. மீசை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். பாறை இடுக்கில் முளைத்திருந்த ஒரு தண்டைக் கடித்து எடுத்து, குறுக்காகப் பிடிக்காமல் நுனியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டே போனது. தண்டு குட்டையாகிக்கொண்டே வந்து காணாமல் போயிற்று. நான் எலி என்றேன். "எலி இல்லை தீதி, முயல் ஜாதி" என்றான் தம்பி. அவன் சொன்னதுதான் சரி. பைக்கா என்பது அதன் பெயர். முயலுக்கும் இதற்கும் மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி இன்னொரு சோடிச் சின்னப் பல் இருக்கும், எலிக்கு இருக்காது. உலகத்தில் 30 இனம் அளவுக்குப் பைக்காக்கள் உண்டு, பெரும்பாலும் ஆசிய மலைகளில். வட அமெரிக்காவில் இரண்டே இனம். நான் பார்த்தது இமயமலையின் ராயில் பைக்கா. இதன் உறவான பெருங்காதுப் பைக்காவை 6,000 மீட்டருக்கு மேலேகூடப் பார்த்திருக்கிறார்கள். புல்லே அரிதாகிப்போன இடம் அது.

இந்த இரண்டையும் ஏன் சேர்த்து யோசிக்கிறேன் என்று என் அண்ணன் மகள் கேட்டாள். ஒன்று மலை, ஒன்று கடலோரம். ஒன்றுக்கு மயிர், ஒன்றுக்கு இறகு. எடையே பத்து மடங்கு வித்தியாசம். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஊர் திரும்பி மறுநாள் காலை சன்னலைத் திறந்து அந்த டிக்டிக்கைக் கேட்டபோது எனக்கு அந்த இரண்டு உயிர்களும் இரண்டு பேராகத் தெரிந்தன. ஒன்று என் அம்மா, ஒன்று என் அப்பா.

பைக்கா குளிர்காலத்தில் தூங்காது. கரடி மாதிரி, அணில்களில் சில மாதிரி சுருண்டு படுத்துக் காலத்தை ஓட்டுகிற வழக்கம் அதற்கு இல்லை. எட்டு மாதம் பனி மூடிக் கிடக்கிற மலையில் விழித்துக்கொண்டு, பசித்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் கோடையிலேயே புல் சேர்க்கிறது. இதில் பேர்போனது வட அமெரிக்கப் பைக்கா. வாய் கொள்ளாமல் புல்லையும் பூவையும் கவ்விக்கொண்டு ஓடும், பாறைக்கு அடியில் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். கோடை முடிவதற்குள் ஒரு வைக்கோல் போரே கட்டிவிடும். அடுத்த வீட்டுப் போரிலிருந்து களவும் நடக்கும், அதனால் தன் போருக்குத் தானே காவலும் இருக்க வேண்டும்.

இதில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது ஒரு சங்கதி. 1997-இல் கொலராடோ மலைப் பைக்காக்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பைக்கா கோடையில் தின்கிற செடி ஒன்று, சேர்த்து வைக்கிற செடி வேறொன்று. சேர்ப்பதில் நிறைய, மஞ்சள் பூப்பூக்கிற ஒரு மலைச்செடி. அதில் துவர்ப்பும் நச்சும் அதிகம், பறித்த உடனே தின்ன லாயக்கில்லாதது. ஆனால் அந்த நச்சுதான் போரைப் பூசணம் பிடிக்காமல் காக்கிறது. மாதங்கள் போகப் போக நச்சு இறங்கிவிடும். பனி கொட்டுகிற நேரத்தில் செடி தின்னும் பதத்துக்கு வந்திருக்கும்.

படித்ததும் நான் எழுந்து போய் அம்மாவின் மிலோ டின்களைத் திறந்து பார்த்தேன். சுண்டைக்காய் வற்றல். மோர்மிளகாய். உப்பு நார்த்தங்காய். எல்லாமே பறித்த கையோடு வாயில் வைக்க முடியாத கசப்பு, காரம், புளிப்பு. உப்பிலும் மோரிலும் ஊறி, வெயிலில் காய்ந்து, டின்னுக்குள் காத்திருந்து, ஒரு நாள் சோற்றுக்குத் துணையாகிறவை. சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் லயத்தில் இருந்தபோது தகரக் கூரைமேல் எப்போதும் ஒரு முறம் காயும். காக்கை வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நெத்திலிக் கருவாடு தனி டின். அரிசிப் பானைக்குள் ஒரு துணி முடிச்சில் சில்லறைக் காசு. அம்மா எதையும் முழுசாகத் தீர்க்க மாட்டார். அடியில் ஒரு பிடி கிடக்கும். அந்த ஒரு பிடியை யார் தொட்டாலும் கோபம் வரும்.

அப்பா நேர் எதிர். பால் மரம் வெட்டுகிறவருக்கு, ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவருக்கு, நாளைக்கு என்று ஒன்று கிடையாது. விடியும் முன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் தலையில் விளக்கோடு மர நிரைக்குள் போய்விடுவார். இருட்டோடு வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்துவிடும். பள்ளி விடுமுறையில் கூடப் போயிருக்கிறேன். பட்டையில் சரிவாகப் போகிற பழைய வெட்டின்மேல் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. சீவல் சுருண்டு விழும், பூரிக்குத் தேய்த்த மாவைவிட மெல்லிசாக. அதைவிட ஆழம் போனால் கத்தி கட்டையைத் தொட்டுவிடும், மரம் காயப்பட்டுவிடும். ஆழம் குறைந்தால் பால் வராது. வெட்டு முடிந்ததும் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைப்பார். ஒரு சொட்டு விழுகிறவரை நின்று பார்ப்பார், அடுத்த மரத்துக்குப் போவார். அன்றைக்கு எடுத்த பாலுக்கு அன்றைய கூலி. விடிய விடிய மழை என்றால் பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும், பெரட்டுக்களத்திலிருந்தே திரும்பிவிடுவார். அன்று கூலி இல்லை. அன்றாடங்காய்ச்சி என்ற சொல்லை நான் அகராதியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சன்னலுக்கு வெளியே அந்தக் குருவி செய்வதும் இதேதான். ஒரு கிளையில் அடியிலிருந்து தொடங்கும். சுற்றிச் சுற்றி ஏறும். இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே என்று பட்டையைப் பற்றிக்கொள்ளும். வால் இறகு விறைப்பானது, அதை மரத்தில் ஊன்றி மூன்றாவது காலாக வைத்துக்கொள்ளும். தட்டும், தலையைச் சாய்க்கும், ஓர் அங்குலம் நகரும், திரும்பத் தட்டும். எறும்போ புழுவோ கிடைத்தால் அங்கேயே சாப்பாடு, ஒன்றும் மீதி வைக்காது. நுனிவரை போனதும் அடுத்த கிளைக்குத் தாவும். சில நேரம் பெட்டையும் வரும். இருவரும் ஒரே மரத்தில் தனித்தனிக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டு, நடுநடுவே 'கிர்ர்ர்' என்று ஒரு குரல் கொடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் பனியிருட்டில் அப்பாவும் பக்கத்து நிரைக்காரரும் இப்படித்தான் கூவிக்கொள்வார்கள். பாம்பு, பன்றி எதுவும் அகப்படவில்லை, நான் இருக்கிறேன் என்பதற்கு.

தலை நோகாதா என்று அம்மா கேட்டார். மண்டை ஓட்டுக்குள் பஞ்சு மாதிரி ஒரு மெத்தை இருக்கிறது, அது அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பள்ளிப் புத்தகத்தில்கூட அப்படிப் படித்த ஞாபகம். 2022-இல் மூன்று பெரிய மரங்கொத்தி இனங்களை அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்ததில் மெத்தை ஒன்றும் இல்லை, தலை சுத்தியல் மாதிரி இறுகிய ஒரே கட்டையாகத்தான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. மெத்தை இருந்தால் அடியின் வேகம் அதிலேயே கரைந்துவிடும், மரம் உடையாது. மூளை சின்னதாக இருப்பதால் அந்த அடி அதைப் பாதிக்கிற அளவுக்குப் போவதில்லை. அம்மா கேட்டுவிட்டு, "அப்ப சின்னதா இருக்கறதுலயும் ஒரு சௌகரியம் இருக்கு" என்றார்.

சேர்த்து வைப்பது ஒரு குணம், அன்றாடம் வாழ்வது இன்னொரு குணம் என்று நான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அம்மா சிக்கனம், அப்பா அலட்சியம் என்று உறவுக்காரர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்பாவை அப்படிச் சொன்னது எவ்வளவு தப்பு என்று இந்த இரண்டு உயிர்கள்தான் எனக்குக் காட்டின. அமெரிக்காவில் ஒரு மரங்கொத்தி இனம் உண்டு. ஓக் மரத்துக் கொட்டைகளை ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கான துளை போட்டு, ஒரு துளைக்கு ஒரு கொட்டை என்று அடித்து வைக்கும். குடும்பமே சேர்ந்து அந்த மரத்துக்குக் காவல் இருக்கும். அதுவும் மரங்கொத்திதான், அதே அலகு, அதே வால். அந்த ஊரில் கொட்டை விழுவதற்கு ஒரு பருவம், விழாததற்கு ஒரு பருவம். பினாங்கில் டிசம்பரிலும் பட்டைக்குள் புழு இருக்கிறது, ஜூனிலும் இருக்கிறது. இங்கே எதற்குக் குதிர் கட்ட வேண்டும்?

அம்மா கட்டினார் என்றால் அவருக்குக் குளிர்காலம் இருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், பால் சுருங்கிவிடும். ஆண்டுக் கடைசியில் மழை. அந்த மாதங்களில்தான் டின்கள் திறக்கும். ஒரே வீட்டுக்குள் அப்பா பினாங்குக் குருவியாகவும் அம்மா பனிமலை முயலாகவும் இருந்திருக்கிறார்கள். அவர் அன்றன்றைக்குக் கொண்டு வந்ததில்தான் இவர் ஒரு பிடி எடுத்து வைத்தார்.

பைக்காவிடம் இன்னும் ஒரு சிக்கனம் உண்டு, சொல்லாமல் விட முடியாது. முயலைப் போலவே தன் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்னும், ஒரு தடவையில் செரிக்காத சத்தை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்ளும். திபெத் பீடபூமியில் வாழ்கிற பைக்கா இன்னும் ஒரு படி மேலே. அது குளிர்காலத்தில் உடம்பின் செலவைக் குறைத்துக்கொண்டு, யாக் மாட்டுச் சாணத்தைத் தின்று நாளைக் கடத்துகிறது என்று 2021-இல் கண்டுபிடித்தார்கள். வறட்டி தட்டி அடுப்பெரித்த வம்சத்துக்கு இதைக் கேட்டு அருவருப்பு வராது என்றே நினைக்கிறேன். மாடு பாதி செரித்து வைத்த புல், அவ்வளவுதான்.

ஆனால் இவ்வளவு சாமர்த்தியமும் ஒரு விஷயத்தில் தோற்றுப்போகிறது. வெயில். பைக்காவின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 40 டிகிரி. 43-ஐத் தொட்டால் செத்துவிடும். நடுவில் இருப்பது மூன்றே டிகிரி. அடர்த்தியான மயிர் சூட்டை வெளியே விடாது. பாறைகளுக்கு அடியில் தேங்கி நிற்கிற குளிர்ந்த காற்றில் போய்ப் படுத்தால்தான் பிழைக்கும். அப்படி ஒதுங்க வழியில்லாமல் கூண்டில் அடைபட்ட அமெரிக்கப் பைக்காக்கள், நிழலில் 25.5 டிகிரியே இருந்த நாட்களிலும் சில மணி நேரத்தில் இறந்துபோனதாக 1970-களின் ஆய்வு ஒன்று சொல்கிறது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. குருவி வருகிற ஏழு மணிக்கு அதில் 26 காட்டும். நாங்கள் குளிர்ச்சியான காலை என்று சொல்லிச் சன்னலைத் திறக்கிற அந்த நேரம், ரயிலேறிக் கொடிமலை உச்சிக்குப் போனாலும் நான்கைந்து டிகிரி மட்டுமே குறைகிற அந்தச் சூடு, அந்த உருண்டை முயலுக்கு எமன். மலை சூடாகச் சூடாக அது மேலே மேலே ஏறுகிறது. அமெரிக்காவின் வறண்ட மலைகளில் பழைய பதிவுகளில் இருந்த சில இடங்களில் இப்போது பைக்கா இல்லை. இன்னொரு கொடுமை, பனி குறைந்தாலும் ஆபத்து. பனிதான் பாறைக்கு மேல் போர்த்திய கம்பளி, அது இல்லாத குளிர்காலத்தில் விறைத்துச் சாகும். ஏறிக்கொண்டே போகலாம் என்றால் மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறது. லௌரிபினாவில் என் எதிரே உட்கார்ந்து தண்டு மென்றதே, அதன் பேரன் பேத்திகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எங்கள் குருவிக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது பட்ட மரம். பச்சை மரத்தைக் குடைகிற பலம் அந்தச் சின்ன அலகுக்குக் கிடையாது. உளுத்துப்போன கிளையாகப் பார்த்து, ஒரு லீமாவ் கஸ்தூரி எலுமிச்சை நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, உள்ளே இறங்கி முட்டையிடும். ஆணும் பெட்டையும் மாறி மாறிக் குடையும், மாறி மாறி அடைகாக்கும். காட்டில் பட்ட மரத்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள் பட்ட கிளை என்றால் அது புகார்.

போன வருஷம் எங்கள் அடுக்குமாடி நிர்வாகத்தார் அந்தக் கிளையை வெட்டினார்கள். அறிவிப்பு ஒட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. கார் நிறுத்துகிற இடத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது, காற்றில் விழுந்தால் ஆள் செத்துப்போவார், அந்தப் பயம் உண்மையான பயம். ஆனால் துளை போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தபோது சன்னலுக்கு வெளியே வெறும் வானம். இரண்டு நாள் அந்தச் சோடி வந்தது. கிளை இருந்த இடத்தைச் சுற்றிப் பறந்து, பக்கத்துக் கொப்பில் உட்கார்ந்து, 'கிர்ர்ர்' என்று கூப்பிட்டது. மூன்றாம் நாள் வரவில்லை. அம்மா சன்னலைச் சாத்திவிட்டார்.

இந்த வருஷம் மார்ச்சில் மரம் வெட்டுகிறவர்கள் திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை நான் கீழே இறங்கிப் போய் நின்றேன். மரத்தின் பின்பக்கம், கார் நிற்காத சுவரோரமாக, இன்னொரு கிளை பட்டுக்கொண்டிருந்தது. வாளோடு ஏணியில் ஏறிய தம்பியிடம் கேட்டேன், முழுக்க எடுக்காமல் ஒரு முழம் மட்டும் விட்டு வெட்ட முடியுமா என்று. ஏன் அக்கா என்றான். பெலாதுக் என்றேன். அவன் காவல்கார ஜாகாவைப் பார்த்தான், ஜாகா மேற்பார்வையாளரைப் பார்த்தார். விழுந்தால் சுவர் மேல்தானே விழும் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூடவே விட்டான். மொட்டையாக, அசிங்கமாக, மழையில் கறுத்துக்கொண்டு அது நிற்கிறது. எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே, மூன்றாவது மாடிக்காரர்களின் ஏர்கண்டிஷன் பெட்டிக்குப் பக்கத்தில்.

நேற்றுக் காலை அம்மா என்னை எழுப்பினார். சத்தம் கேட்டுதா என்றார். எனக்குக் கேட்கவில்லை. சன்னலைத் திறந்து குனிந்து பார்த்தேன். ஏர்கண்டிஷன் பெட்டியின் மேல் மஞ்சளாக ஒரு பிடித் தூள் கொட்டிக் கிடந்தது, புதுசாக.